விவசாயிகள் திறந்துவிட்ட கடலோரப் பாதை

அயர்லாந்தின் மேற்குக் கரையில் 42 கிலோமீட்டர் தூரத்துக்கு ஒரு சைக்கிள் பாதை ஓடுகிறது. காரோ லாரியோ அதில் வராது. ரயில் கைவிட்ட தடம் அது. அதை உலகத்துக்குத் திறந்துவிட்டவர்கள் அந்த ஊர் விவசாயிகள்.

அயர்லாந்தின் மேற்கு ஓரத்தில் இருக்கிறது மேயோ மாவட்டம். அதைத் தாண்டினால் அட்லாண்டிக் பெருங்கடல்தான். கடலுக்கு அந்தப் பக்கம் கனடா. நடுவில் தடுக்க எதுவும் இல்லாததால், கடல்மேல் ஓடிவரும் அலையும் காற்றும் மழையும் முதல் அடியை இந்தக் கரையில்தான் இறக்குகின்றன. அரிக்கப்பட்ட செங்குத்துப் பாறைகள், நிலத்துக்குள் விரல்விரலாக நுழையும் கழிகள், தண்ணீரில் ஊறிக் கிடக்கும் சதுப்பு, மரம் இல்லாத மொட்டை மலைகள் என்று கரை முழுக்க முரட்டு அழகு.

இப்படி ஒரு கரையைப் பார்க்கச் சைக்கிளைவிடச் சிறந்த வாகனம் கிடையாது. நடந்தால் நாள் போதாது. காரில் போனால் கண்ணாடிக்கு வெளியே எல்லாம் ஓடிவிடும். ஆனால் இங்குள்ள சாலைகள் சைக்கிளுக்கு இரக்கம் காட்டுவதில்லை. என்-59 என்ற தேசிய நெடுஞ்சாலைதான் இந்தப் பகுதியின் பிரதான வழி. பல இடங்களில் அது குறுகலானது. ஓரமாக ஒதுங்கக்கூட இடம் இருக்காது. வளைவுக்கு அப்பால் வருவது டூரிஸ்ட் பஸ்ஸா, ஆடு ஏற்றிய டிரெய்லரா என்று தெரியாது. 2014-ல் அயர்லாந்து அரசு ‘வைல்டு அட்லாண்டிக் வே’ என்ற பெயரில் சுமார் 2,500 கிலோமீட்டர் கடலோரச் சாலைப் பயணத்தை உலகத்துக்கு அறிமுகப்படுத்தியது. அது முதன்மையாகக் கார்காரர்களுக்கானது. குழந்தையோடு சைக்கிளில் போக நினைக்கிற ஒரு தாய்க்கு அதில் இடமில்லை.

அந்தத் தாய்க்கு இடம் இருப்பது பக்கத்திலேயே ஓடும் ‘கிரேட் வெஸ்டர்ன் கிரீன்வே’யில். வெஸ்ட்போர்ட் நகரில் தொடங்கி, நியூபோர்ட், மல்ரனி என்ற இரண்டு சிற்றூர்களைத் தொட்டு, அக்கில் தீவின் வாசலில் முடிகிறது அது. நெடுஞ்சாலையைக் கடக்கும் சில இடங்களில் மட்டும் நின்று பார்த்துப் போக வேண்டும். மற்றபடி காற்றும் ஆட்டின் குரலும்தான் துணை.

ஐரோப்பாவில் சைக்கிள் பாதைகளுக்குப் பஞ்சமில்லை. பிரான்ஸின் அட்லாண்டிக் கரையில் மட்டும் ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல் ஒன்று ஓடுகிறது. அவற்றுக்கு நடுவில் இந்த 42 கிலோமீட்டரைத் தனியாக எடுத்துப் பேசக் காரணம், இது போடப்பட்ட விதம். நிலத்துக்காக ரத்தம் சிந்திய ஒரு மாவட்டத்தில், நில உரிமையாளர்கள் விலை கேட்காமல் வழி விட்டிருக்கிறார்கள். அது எவ்வளவு பெரிய காரியம் என்று புரிய வேண்டுமானால், முதலில் ரயில் வந்த கதையைக் கேட்க வேண்டும்.

பஞ்சப் பூமிக்கு வந்த ரயில்

1845-ல் தொடங்கிய உருளைக்கிழங்குப் பஞ்சம் அயர்லாந்து முழுவதையும் சிதைத்தது. மேயோவை அது வேரோடு பிடுங்கியது. 1841 கணக்கெடுப்பில் இந்த மாவட்டத்தின் மக்கள்தொகை 3,88,000-க்கும் மேல். 2022 கணக்கெடுப்பில் சுமார் 1,38,000. ஏறக்குறைய இரண்டு நூற்றாண்டு ஆகியும் பழைய எண்ணிக்கையில் பாதியைக்கூட மாவட்டம் எட்டவில்லை. செத்தவர்கள் போக, மிச்சம் இருந்தவர்களில் பலர் கப்பல் ஏறினார்கள். அமெரிக்காவுக்குப் போனவர்களில் பெரும்பாலோர் திரும்பவில்லை. ஸ்காட்லாந்துக்குப் போனவர்கள் கோடை முழுக்க உருளைக்கிழங்கு தோண்டிவிட்டு, கூலியோடு குளிர்காலத்தில் ஊர் திரும்பினார்கள். அக்கில் தீவின் இளைஞர்களுக்கும் இளம்பெண்களுக்கும் அதுதான் வாழ்க்கை முறை.

அயர்லாந்துக்கான பிரிட்டிஷ் அமைச்சராக இருந்த ஆர்தர் பால்ஃபர், 1889-ல் இலகு ரயில்வே சட்டம் கொண்டுவந்தார். மேற்குக் கரையின் ஏழைப் பகுதிகளுக்கு அரசுப் பணத்தில் ரயில் போடுவது அதன் நோக்கம். கட்டும்போது கூலி கிடைக்கும். கட்டி முடித்தால் மீனையும் மாட்டையும் சந்தைக்கு அனுப்பலாம் என்பது கணக்கு. அப்படித்தான் மிட்லேண்ட் கிரேட் வெஸ்டர்ன் ரயில்வே வெஸ்ட்போர்ட்டிலிருந்து மேற்கே நீண்டது. 1894 தொடக்கத்தில் நியூபோர்ட்டையும், அதே ஆண்டு கோடையில் மல்ரனியையும், 1895 மே மாதம் அக்கில் நிலையத்தையும் தொட்டது.

பாறையைக் குடைந்து, சதுப்பின் மேல் மண் அணைத்து, ஆற்றின் குறுக்கே வளைவுப் பாலம் எழுப்பிப் போட்ட தடம் அது. ரயிலுக்குச் செங்குத்தான மேடு ஆகாது என்பதால், பொறியாளர்கள் மலையின் இடுப்பைச் சுற்றிச் சுற்றி, ஏற்றம் தெரியாமல் வழி கண்டுபிடித்தார்கள். இன்று பத்து வயதுப் பிள்ளையும் மூச்சு வாங்காமல் மிதித்துப் போவதற்கு அந்தப் பொறியாளர்களின் கணக்குதான் காரணம்.

முதல் ரயிலும் கடைசி ரயிலும்

இந்தத் தடத்தைப் பற்றிப் பேசும் யாரும் இரண்டு ரயில்களைப் பற்றிப் பேசாமல் விட மாட்டார்கள்.

1894 ஜூன் 14. ஸ்காட்லாந்துக் கிழங்கு வயல்களுக்குப் புறப்பட்ட அக்கில் தீவுக் கூட்டம் ஒன்று, தீவின் தென்முனையில் பாய்மரப் படகுகளில் ஏறியது. க்ளூ விரிகுடாவைக் கடந்து வெஸ்ட்போர்ட் துறைக்குப் போனால், அங்கே கிளாஸ்கோவுக்குப் போகும் நீராவிக் கப்பல் நிற்கும். ஒரு படகில் அளவுக்கு மீறிய கூட்டம், பெரும்பாலும் இளம்பெண்கள். துறையை நெருங்கியதும் கப்பல் கண்ணில் பட்டது. அதைப் பார்க்கும் ஆவலில் எல்லோரும் ஒரே பக்கம் சாய, பாய் திரும்ப, படகு கவிழ்ந்தது. 32 பேர் இறந்தார்கள். கரை கையெட்டும் தூரத்தில் இருந்தது.

அக்கில் வரை ரயில் அப்போது முறைப்படி ஓடத் தொடங்கவில்லை. இறந்தவர்களின் உடல்களை ஊர் சேர்க்க அந்தப் புதுத் தடத்தில் தனி ரயில் விடப்பட்டது. தீவுக்காரர்கள் தங்கள் வாசலுக்கு வந்த முதல் ரயிலைப் பார்த்தது அப்படித்தான்.

43 ஆண்டுகள் கழித்து, 1937 செப்டம்பர் 16. ஸ்காட்லாந்தின் கிர்கின்டிலாக் என்ற ஊரில் கிழங்குத் தொழிலாளர்கள் தங்கியிருந்த கொட்டகை இரவில் தீப்பிடித்தது. அக்கில் பகுதியைச் சேர்ந்த பத்து பேர் எரிந்து இறந்தார்கள். மூத்தவருக்கு 23 வயது, இளையவனுக்கு 13. நஷ்டத்தில் ஓடிக்கொண்டிருந்த ரயில் தடத்தை அந்த மாத இறுதியோடு மூடுவது என்று ஏற்கெனவே முடிவாகியிருந்தது. மூடுவதற்கு முன், பத்துச் சவப்பெட்டிகளையும் ஏற்றிக்கொண்டு ஒரு ரயில் அக்கில் வந்தது.

இரும்புச் சக்கர வண்டிகள் புகையும் நெருப்புமாக வரும், முதல் வண்டியும் கடைசி வண்டியும் பிணம் சுமக்கும் என்று 17-ஆம் நூற்றாண்டிலேயே ஒருவர் குறி சொன்னதாக மேயோவில் ஒரு கதை உண்டு. அந்தக் குறியை நம்பலாம், நம்பாமலும் போகலாம். என்னை உலுக்குவது வேறு. இரண்டு முறையும் இறந்தவர்கள் ஒரே வேலைக்குப் போனவர்கள். ரயில் வந்து 40 ஆண்டுகள் ஓடியும், சொந்த ஊரில் பிழைக்க வழி பிறக்கவில்லை. அண்ணன் தோண்டிய அதே வயலுக்குத்தான் தம்பியின் மகனும் போக வேண்டியிருந்தது. பஞ்சப் பூமிக்குச் சோறு போட வந்த ரயில், ஆட்களை ஏற்றி அனுப்பும் வழியாகவே கடைசிவரை இருந்தது.

இரண்டு விபத்திலும் இறந்தவர்கள் அக்கிலில் கில்டாவ்நெட் கல்லறைத் தோட்டத்தில், கடலைப் பார்த்தபடி அடக்கம் செய்யப்பட்டிருக்கிறார்கள். பாதை முடிகிற இடத்திலிருந்து தெற்கே சில கிலோமீட்டர்தான். இந்தப் பாதையில் சைக்கிள் ஓட்டிவிட்டு அங்கே போகாமல் திரும்புவது, கதையைப் பாதியில் மூடுவதற்குச் சமம்.

நிலம் என்றால் உயிர்

ரயில் நின்றது. தண்டவாளத்தைப் பெயர்த்து எடுத்துப் போனார்கள். நிலம் துண்டு துண்டாக அக்கம்பக்கத்து விவசாயிகளின் கைக்குப் போனது. தடத்தின் மேல் புல் முளைத்தது; ஆடு மேய்ந்தது; சில இடங்களில் வேலி விழுந்தது. எழுபது ஆண்டுகள் அப்படியே கிடந்தது.

இங்கே ஒரு விஷயத்தை மனதில் வாங்கிக்கொள்ள வேண்டும். மேயோ விவசாயிக்கு நிலம் சும்மா வந்ததல்ல. பஞ்சத்துக்குப் பிறகும் இங்கே மண் ஜமீன்தார்களுடையது. உழுதவன் வெறும் குத்தகைக்காரன். குத்தகை பாக்கி விழுந்தால் போலீஸோடு வந்து வீட்டுக் கூரையை இடித்துக் குடும்பத்தைத் தெருவில் விடுவார்கள். 1846-ல் மேயோவின் ஸ்ட்ரேட் கிராமத்தில் பிறந்த மைக்கேல் டேவிட் அப்படித் தெருவுக்கு வந்த குழந்தை. குடும்பம் இங்கிலாந்துக்குப் பிழைக்கப் போனது. பதினோரு வயதில் பஞ்சாலை இயந்திரத்தில் சிக்கி வலது கையை இழந்தார். வளர்ந்து, ஊர் திரும்பி, 1879-ல் மேயோவில் நிலக் கழகத்தைத் தொடங்கினார். ‘உழுகிறவனுக்கே நிலம்’ என்ற கோரிக்கை இங்கிருந்துதான் அயர்லாந்து முழுவதும் பரவியது. அடுத்த ஆண்டு, இதே மாவட்டத்தில் கேப்டன் பாய்காட் என்ற ஜமீன் ஏஜென்ட்டை ஊரே ஒதுக்கிவைத்தது. அறுவடைக்கு ஆள் போகவில்லை. கடைக்காரர் சாமான் தரவில்லை. அந்தப் போராட்ட முறைக்கு அவர் பெயரே உலகம் முழுக்க நிலைத்துவிட்டது. வெளியேற்றங்களும் சிறைவாசமும் சட்டங்களுமாகக் கால் நூற்றாண்டு போன பிறகே, 1903-க்குப் பின், குத்தகைக்காரர்கள் பெருவாரியாக நிலத்துக்குச் சொந்தக்காரர்கள் ஆனார்கள்.

அப்படிக் கிடைத்த நிலத்தின் நடுவில் ஒரு பாதை போட வேண்டும் என்று சொன்னால் என்ன நடக்கும்? 2009-ல் அயர்லாந்து அரசு தேசிய சைக்கிள் கொள்கையை வெளியிட்டது. மேயோ மாவட்ட நிர்வாகம் பழைய ரயில் தடத்தைக் கையில் எடுத்தது. கையகப்படுத்தும் சட்டத்தைத் தூக்கிக்கொண்டு போகாமல், வீடு வீடாகப் போய்ப் பேசியது. தடம் நூற்றுக்கும் மேற்பட்ட நில உரிமையாளர்களின் வயல் வழியாகப் போகிறது. அதில் ஒருவர் மறுத்தாலும் சங்கிலி அறுந்துவிடும்.

அவர்கள் கேட்ட கேள்விகள் நியாயமானவை. ‘யாராவது விழுந்து காலை உடைத்துக்கொண்டால் என்மேல் கேஸ் வருமா?’ ‘கேட்டைத் திறந்து போட்டுவிட்டுப் போனால் என் மாடு என்ன ஆகும்?’ ‘ஒருமுறை வழி விட்டால் அது காலத்துக்கும் பொதுவழி ஆகிவிடுமா?’ மூன்றுக்கும் பதில் வைத்துத்தான் ஏற்பாடு செய்தார்கள். பொழுதுபோக்குக்காக நிலத்தில் நுழைகிறவர் விஷயத்தில் உரிமையாளரின் பொறுப்பை 1995-ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று ஏற்கெனவே குறைத்திருந்தது. பாதை பராமரிப்பும் அதற்கான பொறுப்பும் மாவட்ட நிர்வாகத்துடையது. வேலி, கேட் வேலைகளையும் அதுவே செய்து தரும். எல்லாவற்றுக்கும் மேலாக, இது அனுமதிப் பாதை. நிலம் விவசாயியின் பெயரிலேயே இருக்கும். பொதுவழி உரிமை எதுவும் பிறக்காது. அனுமதியைத் திரும்பப் பெறவும் அவருக்கு உரிமை உண்டு.

விலை பேசாமல் சம்மதித்தார்கள். 2010-ல் நியூபோர்ட்டிலிருந்து மல்ரனி வரையிலான 18 கிலோமீட்டர் திறந்தது. 2011 கோடையில், இதே மேயோவைச் சேர்ந்த அப்போதைய பிரதமர் எண்டா கென்னி முழுப் பாதையையும் திறந்துவைத்தார். அதே ஆண்டு ஐரோப்பிய ஒன்றியத்தின் சிறந்த சுற்றுலாத் தலங்களுக்கான விருதும் வந்தது.

மிதிக்கத் தொடங்கினால்...

வெஸ்ட்போர்ட்டிலிருந்து நியூபோர்ட் வரை 11 கிலோமீட்டர். ஊரைவிட்டு வெளியே வந்ததும் பசும்புல் மேடுகள். முதுகுக்குப் பின்னால், தென்மேற்கில், கூம்பு வடிவில் நிற்பது க்ரோ பேட்ரிக் மலை, 764 மீட்டர். அயர்லாந்தின் காவல் புனிதர் பேட்ரிக் அங்கே 40 நாள் விரதமிருந்தார் என்பது நம்பிக்கை. ஒவ்வொரு ஜூலை மாதக் கடைசி ஞாயிறும் ஆயிரக்கணக்கானோர் அந்தச் சரளைக்கல் மலையில் ஏறுகிறார்கள், சிலர் வெறுங்காலோடு. பாதையின் பெரும்பகுதியில் மலை ஏதாவது ஒரு பக்கம் தெரிந்துகொண்டே இருக்கும்.

நியூபோர்ட்டில் ஆற்றின் மேல் செந்நிறக் கல்லால் கட்டிய ஏழு வளைவுப் பாலம் நிற்கிறது. ரயிலுக்காகக் கட்டியது, இன்று அதில் நடக்கிறார்கள், சைக்கிளில் போகிறார்கள். ஊருக்கு மேற்கே சற்று விலகிப் போனால் கடல் விளிம்பில் ராக்ஃப்ளீட் கோட்டை. 16-ஆம் நூற்றாண்டில் இந்தக் கடலை ஆண்ட கிரேஸ் ஓமாலியின் கோட்டை அது. சொந்தக் கப்பல்களோடு ஆங்கிலேயரை எதிர்த்தவர். மகனையும் சகோதரனையும் ஆங்கில ஆளுநர் பிடித்துவைத்தபோது, 1593-ல் நேராக லண்டன் போய் எலிசபெத் ராணியைச் சந்தித்து வழக்குப் பேசியவர்.

நியூபோர்ட்டிலிருந்து மல்ரனி வரையிலான 18 கிலோமீட்டர்தான் பாதையின் நெஞ்சுப்பகுதி. இடப்பக்கம் க்ளூ விரிகுடா, வலப்பக்கம் நெஃபின் பெக் மலைத்தொடர். விரிகுடா முழுக்கச் சின்னச் சின்னத் தீவுகள். நாளுக்கு ஒன்றாக 365 தீவுகள் என்று உள்ளூரில் சொல்வார்கள். எண்ணினால் நூற்றுச் சொச்சம்தான் தேறும். பனியுகத்தில் பனிப்பாறை நகர்ந்தபோது அடியில் விட்டுச்சென்ற மண்மேடுகள் அவை. பின்னாளில் கடல் ஏறியதும் உச்சி மட்டும் தீவாக மிஞ்சியது. அதில் டோரினிஷ் என்ற தீவை 1967-ல் ‘பீட்டில்ஸ்’ பாடகர் ஜான் லெனன் விலைக்கு வாங்கினார்.

இந்தப் பகுதியில் பாதை வயல்களின் நடுவே போகிறது. ஒவ்வொரு வயலின் எல்லையிலும் ஒரு குழி வெட்டி, அதன்மேல் கைப்பிடி அளவு இடைவெளி விட்டு இரும்புக் குழாய்களை வரிசையாகப் பதித்திருக்கிறார்கள். ஆட்டின் குளம்பு இடுக்கில் இறங்கிவிடும் என்பதால் ஆடு அதில் கால் வைக்காது. சைக்கிள் நேராகப் போனால் கடகடவென்று அதிர்ந்துகொண்டு தாண்டிவிடும். ஹேண்டில்பாரைத் திருப்பினால், அதுவும் மழையில், சக்கரம் வழுக்கும். இரண்டு பக்கமும் மேயும் ஆடுகளின் முதுகில் சிவப்பு, நீலம் என்று சாயக் குறி. எந்த நிறம் யாருடைய மந்தை என்று ஊருக்குத் தெரியும். நீங்கள் ஒரு பூங்காவில் போகவில்லை, ஒருவருடைய பிழைப்பின் நடுவே போகிறீர்கள் என்பதை அந்த இரும்புக் குழாய்கள் வயலுக்கு வயல் சொல்லிக்கொண்டே வருகின்றன.

மல்ரனி ஒரு நல்ல தங்குமிடம். ரயில் கம்பெனி 1897-ல் கட்டிய ஹோட்டல் இன்றும் மேட்டில் நின்று கடலைப் பார்க்கிறது. கீழே உப்புச் சதுப்பின் குறுக்கே ஒரு கல்வழி கடற்கரைக்குப் போகிறது. வசந்த காலத் தொடக்கத்தில் இங்கே ஒரு புதர்ச்செடி இளஞ்சிவப்பாகப் பூக்கும். ஸ்பெயின், போர்ச்சுகல் பக்கத்துச் செடி. அயர்லாந்தில் இந்த மேற்குக் கரையில் மட்டும் வளர்கிறது. அட்லாண்டிக் கொண்டுவரும் வெதுவெதுப்பான நீரோட்டம் இங்கே குளிரை அடக்கிவைக்கிறது.

மல்ரனியிலிருந்து அக்கில் வரை 13 கிலோமீட்டர். நிலம் சட்டென்று மாறும். புல் குறைந்து, பழுப்பு நிறச் சதுப்பு தொடங்கும். ஆயிரக்கணக்கான ஆண்டுகளாகப் பாசியும் புல்லும் தண்ணீரில் மக்காமல் படிந்து உருவான கருமண் அது. அதைச் செங்கல் போல வெட்டிக் காயவைத்துத்தான் தலைமுறை தலைமுறையாக அடுப்பு எரித்தார்கள். வெட்டிய கட்டிகளை ஒன்றோடொன்று சாய்த்து, கூடாரம் மாதிரி நிறுத்தி, மேலே ஒன்றைக் குறுக்கே வைப்பார்கள். நடுவே காற்று புகுந்து உலர்த்தும். கோடையில் வந்தால் சதுப்பின் மேல் அந்தச் சின்னக் குவியல்களைப் பார்க்கலாம். இந்த மண்ணைக் காப்பாற்றினால் அது அடக்கிவைத்திருக்கும் கார்பன் காற்றில் கலக்காது என்பதால், இன்று சதுப்புகள் பாதுகாக்கப்படுகின்றன. பக்கத்திலேயே தேசியப் பூங்கா ஒன்றும் இருக்கிறது. இரவில் நட்சத்திரம் பார்க்க ஐரோப்பாவின் அருமையான இடங்களில் ஒன்று.

பாலத்துக்கு அப்பால்

பாதை முடிகிற இடத்தில் ஒரு பாலம். அதைத் தாண்டினால் அக்கில், அயர்லாந்தை ஒட்டிய தீவுகளில் மிகப் பெரியது. சுமார் 148 சதுர கிலோமீட்டர். 1887-ல் இங்கே முதல் பாலத்தைத் திறந்துவைத்தவர் மைக்கேல் டேவிட். பாலம் இரண்டு முறை புதிதாகக் கட்டப்பட்டும் அதற்கு வைத்த அவர் பெயர் மாறவில்லை. நிலத்துக்காகப் போராடியவரின் பெயர் தாங்கிய பாலத்தில், நிலக்காரர்கள் சம்மதித்த பாதை வந்து சேர்கிறது.

தீவுக்குள் சாலையைக் கார்களோடு பகிர வேண்டும். ஸ்லீவ்மோர் மலையடிவாரத்தில் கைவிடப்பட்ட கிராமம் ஒன்று இருக்கிறது. எண்பதுக்கும் மேற்பட்ட கல்வீடுகள், கூரை இல்லாமல், ஒரே வரிசையில் நிற்கின்றன. மேற்குக் கோடியில் கீம் கடற்கரை; 2022-ல் வெளியான ‘தி பான்ஷீஸ் ஆஃப் இனிஷெரின்’ படத்தில் பார்த்திருப்பீர்கள். அதற்கும் அப்பால் க்ரோஹான் மலை 688 மீட்டர் உயரத்திலிருந்து கடலுக்குள் சரிகிறது. நோபல் பரிசு பெற்ற ஜெர்மன் எழுத்தாளர் ஹைன்ரிஷ் போல் 1950-களில் இந்தத் தீவுக்கு வந்து மனம் பறிகொடுத்தார். அவர் வாழ்ந்த சிறு வீடு இன்று எழுத்தாளர்களும் கலைஞர்களும் தங்கி வேலை செய்யும் இடம்.

புறப்படும் முன்

எப்படிப் போவது: டப்ளினின் ஹூஸ்டன் நிலையத்திலிருந்து வெஸ்ட்போர்ட்டுக்கு நேரடி ரயில் உண்டு, மூன்று மணி நேரத்துக்குச் சற்று அதிகமாகும். சைக்கிளை ரயிலில் ஏற்ற முன்பதிவு செய்ய வேண்டும். அயர்லாந்து ஷெங்கன் நாடு அல்ல. தனி விசா வேண்டும்.

வாடகை சைக்கிள்: வழியில் உள்ள ஊர்களில் கிடைக்கிறது. ஒரு முனையில் ஏறி, மறுமுனையில் விட்டுவிட்டு வேனில் திரும்பும் வசதியும் உண்டு.

எந்தத் திசை: காற்று பெரும்பாலும் மேற்கிலிருந்து அடிக்கும். புதியவர்கள் வேனில் அக்கில் போய், அங்கிருந்து வெஸ்ட்போர்ட் நோக்கி மிதிப்பது நல்லது. எதிர்காற்றில் மாட்டினால் சமதரையும் மலையாகிவிடும்.

எந்த மாதம்: மே முதல் செப்டம்பர் வரை. ஜூனில் இரவு பத்து மணிக்கும் வெளிச்சம் இருக்கும். எந்த மாதமானாலும் மழைக்கோட்டு இல்லாமல் கிளம்ப வேண்டாம்.

எத்தனை நாள்: பழகியவர்கள் ஒரே நாளில் முடிப்பார்கள். மல்ரனியில் ஓர் இரவு தங்கி, அக்கிலுக்கு இன்னும் இரண்டு நாள் ஒதுக்கினால்தான் பார்த்த திருப்தி கிடைக்கும்.

கேட்டு வாங்கிய வழி

மேயோவின் வெற்றியைப் பார்த்து மற்ற மாவட்டங்களும் பழைய ரயில் தடங்களைத் தேடத் தொடங்கின. தென்கிழக்கே வாட்டர்ஃபோர்டில் 46 கிலோமீட்டர் பாதை 2017-ல் திறந்தது. அங்கும் பிரமாதமான வரவேற்பு. ஆனால் தென்மேற்கில் கெர்ரி மாவட்டம் வேறு வழியில் போனது. அங்கே நிலத்தைக் கட்டாயமாகக் கையகப்படுத்த முடிவானது. பாதை தங்கள் பண்ணையை இரண்டாகப் பிளக்கிறது என்று விவசாயிகள் எதிர்த்தார்கள். 2020-ல் திட்டத்துக்கு அனுமதி கிடைத்தும் வழக்கு நீதிமன்றங்களில் இழுத்தது. சைக்கிளை அங்கே யாரும் வெறுக்கவில்லை. தன் நிலத்தைப் பற்றித் தன்னிடம் கேட்கவில்லையே என்பதுதான் ஆறாத புண்.

கட்டாயம் எங்கும் கூடாது என்று நான் வாதிடவில்லை. அனுமதிப் பாதையில் ஆபத்து உண்டு. நிலம் கைமாறினால், உரிமையாளர் மனம் மாறினால், சங்கிலி அறுபடலாம். பொதுப்பணத்தைப் போட்டுக் கட்டிய வழி ஒருவரின் விருப்பத்தில் தொங்குவது சரியா என்று நிர்வாகிகள் கேட்பதிலும் நியாயம் இருக்கிறது. ஆனாலும் மேயோ காட்டியது ஒன்றை மறுக்க முடியாது. வீட்டு வாசலில் நின்று பேசி, அவர்கள் பயத்துக்குப் பதில் சொல்லி, நிலம் அவர்களுடையதாகவே இருக்கும் என்று எழுதிக் கொடுத்தால், பரம்பரையாக நிலத்துக்கு உயிரைக் கொடுத்தவர்களும் கேட்டைத் திறப்பார்கள்.

அதனால் பலனடைந்தது அந்த ஊர்தான். ரயில் இந்தக் கரையின் பிள்ளைகளை வெளியே ஏற்றிச் சென்றது. பாதை உலகத்தை உள்ளே கூட்டி வருகிறது. சைக்கிள் வாடகைக் கடை, தேநீர்க் கடை, தங்கும் விடுதி என்று, கிழங்கு தோண்டக் கப்பல் ஏறியவர்களின் பேரப்பிள்ளைகள் சொந்த ஊரிலேயே தொழில் செய்கிறார்கள். ஊரின் எல்லாக் கஷ்டமும் இதனால் தீர்ந்துவிடவில்லை; இளைஞர்கள் இன்னும் டப்ளினுக்கும் வெளிநாட்டுக்கும் போகிறார்கள். ஆனால் இருக்க விரும்புகிறவருக்கு இருக்க ஒரு காரணம் கிடைத்திருக்கிறது.

இந்தச் சம்மதத்தில் நமக்கும் ஒரு பங்கு இருக்கிறது. திறந்த கேட்டை மூட வேண்டும். நாயைக் கயிற்றில் பிடிக்க வேண்டும். ஆடு குறுக்கே வந்தால் அது போகும்வரை நிற்க வேண்டும். குப்பையைக் கையோடு எடுத்துப் போக வேண்டும். சின்ன விஷயங்கள்தான். ஆனால் நூற்றுக்கும் மேற்பட்ட குடும்பங்கள் தங்கள் வயலுக்குள் முன்பின் தெரியாதவர்களை ஆண்டு முழுக்க அனுமதிக்கின்றன என்றால், வந்தவர்கள் மரியாதையாக நடந்துகொள்கிறார்கள் என்ற ஒரே காரணத்தால்தான் அது நீடிக்கிறது. அடுத்து வருகிறவருக்கு வழி திறந்திருக்குமா என்பது, இன்று போகிறவர் எப்படிப் போகிறார் என்பதில் இருக்கிறது.